முகாம் பணக்கொடை: மூன்றாவது தலைமுறைக்கும் ஏன்?

(நமது கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் இங்கே தரப்படுகிறது.)



இன்றைய கூட்டத்தின் ஐந்தாவது பொருள் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நம்ம வட்டாரத்தை ஒட்டி இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து இரண்டு மகளிர் குழுக்கள் நம் கூட்டமைப்பில் சேரணும்னு மனுக் கொடுத்திருக்காங்க. போன மாதம் செயற்குழுவில் அந்த மனுவைப் படித்ததுமே சலசலப்பு வந்துவிட்டது. "நீங்க இதைப் பத்தி விவரமாப் பேசுங்க, பிறகு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதற்காகத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

அன்றைக்கு நடந்த பேச்சை மூடி மறைக்க வேண்டாம். ஒரு அக்கா எழுந்து இப்படிச் சொன்னாங்க: "அவியளுக்கு மாசா மாசம் கவர்மென்டு பணம் குடுக்கு. அரிசி சும்மா கெடைக்குல்லா. இப்பம் வீடும் கட்டிக் குடுத்தாச்சு. ஆச்சி வாங்கினா, மவ வாங்கினா, பேத்தியும் வாங்குதா. நாம கழுத்து ஒடியப் பீடி சுத்தி சந்தா கட்டுதோம். இதுலயும் அவியளுக்குப் பங்கா?"

பலர் கை தட்டினாங்க. அந்த அக்கா கேட்டதில் தப்பு எதுவும் கிடையாது. நம்ம பணத்தைப் பற்றி நாம கேட்காமல் யார் கேட்பது? ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு கை தூக்கணும். ஒரு குடும்பம் ஒரு தேசத்துக்கு வந்து சேர்ந்து நாற்பது வருஷம் ஆன பிறகும், பாட்டி வாங்கிய உதவியைப் பேத்தியும் வாங்குகிறாள் என்றால், அது ஏன்?

முதலில் அந்தப் பணம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். நம்மூரில் ஆளுக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். ஒருவர் பத்தாயிரம் என்கிறார், இன்னொருவர் இருபதாயிரம் என்கிறார். அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் பணக்கொடை. 2006-ல் குடும்பத் தலைவருக்கு மாதம் 400 ரூபாய் என்று ஆக்கினார்கள். 2011-ல் அது 1,000 ஆனது. அதன் பிறகு பத்து வருஷம் ஒரு ரூபாய் கூடவில்லை. பருப்பு விலை, எண்ணெய் விலை எல்லாம் ஏறின பத்து வருஷம் அது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது. அப்போதுதான் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 500 என்று உயர்ந்தது. அதுவரை கிலோ 57 காசுக்குக் கொடுத்த அரிசியை இலவசம் ஆக்கினார்கள். இடிந்து கிடந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தரவும் முடிவாயிற்று. "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியதும் அப்போதுதான்.

அந்த 2021 கணக்கை வைத்தே பாருங்க. புருஷன், பெண்டாட்டி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு சின்னப் பிள்ளைகள். 1,500, 1,000, இரண்டு 500. மொத்தம் 3,500 ரூபாய். நாளுக்கு 117 ரூபாய் வருகிறது. நாலு வயிற்றுக்கு! அதை வைத்து யாராவது உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்று குடும்பக் கணக்கு எழுதுகிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முகாம் ஆண்களில் பெரும்பாலோர் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போறாங்க. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி என்று சாரம் கட்டி ஏறி நிற்பவர்களில் பல பேர் அவங்கதான். பெண்கள் வயல் வேலை, தையல், கடை வேலை. பணக்கொடை ஒரு தாங்கல், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்ம வீட்டையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போமே. ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனாங்க. பீடி அட்டை இருந்ததால் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைக்குப் படிப்பு உதவி வந்தது. 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போய் வந்தோம். 2022-ல் புதுமைப் பெண் திட்டம் தொடங்கி, காலேஜ் போன பொண்ணுக்கு மாதம் 1,000 வந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 தொடங்கியது. நம்ம வீட்டிலும் ஆச்சி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை அரசு உதவி வாங்கியிருக்கோம். அதை யாரும் சோம்பேறித்தனம்னு சொல்லலை. நாமே "உரிமை" என்றுதான் சொல்கிறோம், பெயரிலேயே அப்படித்தான் இருக்கு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு "டீச்சர் இதை மறைச்சிட்டாங்க" என்று சொல்லக்கூடாது. (என்னை ஏன் எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுகிறீர்களோ தெரியவில்லை!) 2024-ல் அந்த உரிமைத் தொகையை முகாம் குடும்பத் தலைவிகளுக்கும் கொடுக்க முடிவு செய்தார்கள்.

அப்படியானால் நமக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள, இலங்கையிலிருந்து வந்த இரண்டு விதமான குடும்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இதுதான் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

வெள்ளைக்காரன் காலத்தில் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சிப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம், பிறகு தேயிலை. கங்காணிதான் ஆள் பிடித்துக்கொண்டு போவார். உங்களில் பல பேர் வீட்டில் "பூட்டன் கண்டிக்குப் போனாரு, திரும்பி வரலை" என்று ஒரு கதை இருக்கும். அங்கே மூன்று நாலு தலைமுறை கொழுந்து கிள்ளியவர்களை, 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30-ந் தேதி நம்ம பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதியைப் பிறகு பார்ப்பது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகம் பிரிக்கிற மாதிரி மனுஷங்களைப் பிரித்தார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, கையில் ஒரு குடும்ப அட்டையோடு ஊர் ஊராகப் போனார்கள். "தாயகம் திரும்பியோர்" என்று அரசு பெயர் வைத்தது. அவர்களுக்குச் செய்த உதவி என்ன? சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. சிலருக்குக் கூட்டுறவு நூற்பாலைகளில் வேலை. நிறையப் பேருக்குத் தொழில் கடன். 1969-ல் இதற்கென்றே ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்கும் அந்த வங்கிதான்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆயுசு பூரா கொழுந்து கிள்ளின அம்மாவிடம் கடன் கொடுத்துக் கடை வை என்றால் எப்படி வைப்பாள்? இடைத்தரகர்கள் புகுந்து பணத்தைத் தின்றார்கள். கடையை மூடிவிட்டு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலியாகப் போன குடும்பங்கள் ஏராளம். கொத்தடிமையாக மாட்டியவர்களும் உண்டு. முதல் தலைமுறை பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனாலும் ஒன்று நடந்தது. அவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். ஓட்டு, ரேஷன் கார்டு, பட்டா வாங்குகிற உரிமை, அரசு வேலைப் பரீட்சை எழுதுகிற உரிமை, பாஸ்போர்ட் என்று எல்லாம் நம்மைப் போலவே. மகன் மில்லுக்குப் போனான், பேரன் படித்தான். இன்றைக்கு அந்தக் குடும்பத்துப் பெண்கள் நம்ம குழுக்களிலேயே இருக்காங்க. சந்தா நோட்டைப் பார்த்து யார் சிலோன் குடும்பம் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியுமா? சிலோனிலிருந்து வந்ததற்கென்று அவங்களில் யாராவது மாதாமாதம் தொகை வாங்குகிறார்களா? இல்லை. நமக்குக் கிடைப்பது அவங்களுக்கும் கிடைக்கும், அவ்வளவுதான். வந்தவர்கள் என்பதற்கான உதவி முதல் தலைமுறையோடு நின்றுவிட்டது.

இப்போது இரண்டாவது விதக் குடும்பம். 1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இனக் கலவரம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதிலிருந்து படகு ஏறி வர ஆரம்பித்தார்கள். 1990-ல் மறுபடி சண்டை மூண்டபோது இன்னொரு கூட்டம். 1996-ல் ஒன்று, 2006-க்குப் பிறகு ஒன்று. மொத்தம் மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். திரும்பிப் போனவர்கள் உண்டு, வெளிநாடு போனவர்களும் உண்டு. 2021 அறிவிப்பின்போது தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் 58,000 பேருக்கு மேல். நம்ம மாவட்டத்தில் கோபாலசமுத்திரத்திலும் சமூகரெங்கபுரத்திலும் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இவர்களில் நிறையப் பேர் யார் தெரியுமா? அதே மலைத்தோட்டத்துச் சனம்தான். 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டி நிலம் திருத்தினவர்கள், அங்கேயும் சண்டை வந்ததும் படகேறினார்கள். அதாவது, ஒரே தாத்தாவுக்குப் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் 1975-ல் அட்டையோடு கப்பலில் வந்தார், அவர் குடிமகன். தம்பி 1990-ல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தார், அவர் அகதி. அண்ணன் பேத்தி வங்கித் தேர்வு எழுதுகிறாள். தம்பி பேத்தி பணக்கொடை வாங்குகிறாள். ரத்தம் ஒன்றுதான், காகிதம்தான் வேறே.

ஏன் அந்தக் காகிதம் கிடைக்கவில்லை? சட்டத்தை நம்ம பாஷையில் சொல்கிறேன். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பாலேயே குடிமகன். அதன் பிறகு பிறந்தவர்களுக்கு, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும் என்று ஆக்கினார்கள். 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இன்னும் இறுக்கம்: ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் எல்லாரும் சட்டவிரோதக் குடியேறி என்பது அந்தச் சட்டத்தின் பேச்சு. குண்டு விழுகிற ராத்திரியில் யார் பாஸ்போர்ட் ஆபீசைத் தேடிப் போவார்கள்? அந்த முத்திரை விழுந்துவிட்டால், எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இல்லை. அம்மாவின் முத்திரை பிள்ளை மேலும் விழுகிறது. முகாம் பெண்ணைக் கல்யாணம் பண்ணிய நம்ம ஊர்ப் பையன்களின் குழந்தைகளுக்குக்கூட இதில் சிக்கல் உண்டு, அந்தக் குடும்பங்கள் இங்கே உட்கார்ந்திருக்கு, அவங்களுக்குத் தெரியும்.

2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சில மதத்தவர்களுக்கு வழி திறந்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அதே 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை, திருச்சி முகாமைச் சேர்ந்த மலையகத் தமிழர்கள் போட்ட வழக்கில், அவர்கள் விண்ணப்பத்தைப் பரிவோடு பரிசீலிக்கச் சொன்னது. 2022-ல் இன்னொரு தீர்ப்பு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லிற்று, அந்த 1987 கணக்கு அவருக்குப் பொருந்தியதால். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார். முப்பத்தெட்டு வயதில்! 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த தங்கச்சி இருந்தால் அவளுக்கு அந்த வழி கிடையாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்ற தண்டனைப் பிரிவுகள் பாயாது என்று. பயம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அந்த உத்தரவு குடியுரிமை எதையும் கொடுக்கவில்லை.

வெளிநாட்டில் இது எப்படி நடந்தது என்று ஒரு உதாரணம். யாழ்ப்பாணத்தில் 1988-ல் பிறந்த ஒரு பெண் குழந்தை, மூன்று வயதில் அப்பா அம்மாவோடு நார்வேக்கு அகதியாகப் போனது. பெயர் கம்சாயினி குணரத்தினம். 2015-ல் நார்வேயின் தலைநகர் ஒஸ்லோவுக்கு அவர் துணை மேயர் ஆனார். 2021-ல் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நாட்டிலும் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு அரசு உதவி செய்தது. அங்கேயும் "வந்தவன் எல்லாம் நம்ம வரிப்பணத்தைத் திங்கிறான்" என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு, நம்ம செயற்குழு மாதிரியே. ஆனால் சில வருஷத்தில் குடியுரிமைக்கு மனுப் போட வழி வைத்திருந்தார்கள். அதே வருஷம் பிறந்து அதே வயதில் மண்டபத்தில் வந்து இறங்கிய பெண் குழந்தை இன்றைக்கு நம்ம பக்கத்து முகாமில் முப்பத்தைந்து தாண்டிய அம்மா. ஊராட்சி வார்டுத் தேர்தலுக்குக்கூட ஓட்டுப் போட முடியாது. புத்தி குறைச்சலா அவளுக்கு?

இந்தப் பணக்கொடை முகாம் குடும்பத்துக்குள்ளே என்ன செய்கிறது என்பதையும் நான் பார்த்த வரையில் சொல்கிறேன். மூன்று தலைமுறைக்கும் அது மூன்று விதமாக இருக்கு.

அங்கே ஆச்சியை "அம்மம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு அம்மம்மா என்னிடம் சொன்னாங்க: "பிள்ளை, நாங்கள் வந்த நேரம் அந்த அரிசியும் காசும் இல்லையெண்டால் செத்துப் போயிருப்பம். அதை நான் மறக்க ஏலாது." அவங்க பேச்சில் நன்றி மட்டும்தான் இருக்கு. வயதான பிறகு வேறு வழியும் இல்லை.

மகள் பேச்சு வேற. அவள் சின்ன வயதில் வந்தவள் அல்லது முகாமிலேயே பிறந்தவள். பேசுவதே பாதி நெல்லைத் தமிழாகிவிட்டது. அவளுக்கு அந்தப் பணம் ஒரு கயிறு மாதிரி. மாதம் ஒரு தடவை முகாமில் தணிக்கை வரும். அன்றைக்குக் குடும்பத்தோடு நேரில் நிற்கணும். இல்லை என்றால் அந்த மாதத் தொகை நிற்கும், தொடர்ந்து ஆள் இல்லை என்றால் பதிவே வெட்டுப்படும். பதிவு போனால் போவது 1,500 ரூபாய் மட்டும் இல்லை, இந்த நாட்டில் இருப்பதற்கு உள்ள ஒரே ஆதாரமே போய்விடும். அதனால் திருப்பூரில் நல்ல சம்பளத்துக்கு வேலை இருந்தாலும் குடும்பத்தோடு போய் இருக்கத் தயங்குகிறார்கள். வெளியே இருந்து பார்க்கிற நாம, "பணக்கொடையை விட மனசில்லாம முகாமிலேயே கெடக்காவ" என்கிறோம். அவர்கள் விடத் தயங்குவது பதிவை. பணம் அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. பணத்தை வாங்கி அப்படியே சாராயக் கடையில் கொடுக்கிற ஆண்களும் முகாமில் இருக்காங்க. அந்த விஷயத்தில் நம்ம ஊர் ஆண்களுக்கும் அவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியலை.

பேத்திதான் எனக்கு மனசை அறுக்கிற விஷயம். நம்ம பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படிக்கிறாள். பத்தாவது, பிளஸ் டூ நல்ல மார்க். பி.காம் முடிக்கிறாள், சிலர் இன்ஜினியரிங்கும் முடிக்கிறாங்க. அதுக்கப்புறம்? டிஎன்பிஎஸ்சி எழுத முடியாது. பாஸ்போர்ட் இல்லை. பெரிய கம்பெனியில் தேர்வானாலும் ஆவணம் கேட்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. பட்டம் வாங்கின பையன் அப்பாவோடு சேர்ந்து பெயின்ட் டப்பா தூக்குகிறான். அதைப் பார்த்த தம்பி, "அக்கா, நான் எதுக்குப் படிக்கணும்?" என்று என்னிடமே கேட்கிறான். அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் எதுவும் இல்லை. "படி" என்று மட்டும் சொன்னேன். உதவி மூன்றாவது தலைமுறைக்குப் போவது எங்கே என்று கேட்டால், இந்த இடத்தில்தான். பேத்தி உழைக்கத் தயார், படித்தும் விட்டாள், ஏறிப் போகிற படிதான் இல்லை.

நம்ம ஆட்களும் வெளியூருக்குப் பிழைக்கப் போனவர்கள்தானே. தாராவியில் போய்ப் பாருங்க, நிறையப் பேர் திருநெல்வேலிக்காரர். 1960-களில் பம்பாயில் "மதராசிகள் நம்ம வேலையைப் பிடுங்குறாங்க" என்று அடித்து விரட்டப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் இந்தியர்கள், கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது. நின்றுவிட்டார்கள். பேரப்பிள்ளைகள் அங்கேயே ஆபீசராக இருக்காங்க, கொடை விழாவுக்கு ஊருக்கு வந்து அம்மனுக்குப் பட்டும் சாத்துறாங்க.

சரி, குடியுரிமை டெல்லியில் முடிவாகிற விஷயம். நம்ம கூட்டமைப்பு தீர்மானம் போட்டு அதைக் கொடுக்க முடியாது. நம்ம கையில் இருப்பது இந்த மனு ஒன்றுதான். அதைப் பற்றி மூன்று கேள்வி வந்தது.

ஒன்று, விதிப்படி சேர்க்கலாமா என்பது. நம்ம துணைவிதியை எடுத்துப் பார்த்தேன். "இவ்வட்டாரத்தில் குடியிருக்கும் பெண்களைக் கொண்ட குழு" என்றுதான் இருக்கிறது. குடியிருப்பு கேட்கிறோம், குடியுரிமை கேட்கவில்லை. 2021 அறிவிப்பிலேயே முகாம் மகளிர் குழுக்களுக்கும் உதவி சேர்ந்திருந்தது. ஆக, அவங்க குழு நடத்துவது அரசுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

அடுத்தது, கடன் வாங்கிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டால்? இதைக் கேட்ட சகோதரியிடம் நான் திருப்பிக் கேட்கிறேன், கோபிக்காதீங்க. நம்ம குழுக்களில் வராக்கடன் வைத்துவிட்டு எத்தனை குடும்பம் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போயிருக்கு? வசூலுக்கு நானும் உங்களோடு அலைந்திருக்கிறேனே. முகாம் பெண் அப்படிப் போக முடியாது. வீட்டு நம்பர், குடும்ப எண், போட்டோ எல்லாம் வருவாய்த் துறையிலும் போலீசிலும் இருக்கு. மாதாமாதம் ஆள் எண்ணுகிறார்கள். நம்ம உறுப்பினர்களிலேயே ஓடிப்போக வழியில்லாத ஆட்கள் என்றால் அவங்கதான்! சிரிக்கிறீங்க, ஆனால் அது அவங்களுக்குச் சிரிப்பு இல்லை.

மூன்றாவதுதான் அந்த அக்கா கேட்டது. "சும்மா கிடைக்கிறவளுக்கு இதிலும் பங்கா?" நம்ம கூட்டமைப்பில் சும்மா கொடுப்பது ஒன்றுமே இல்லை. சந்தா கட்டணும், சேமிக்கணும், கூட்டத்துக்கு வரணும், தவறினால் அபராதம், கடன் வாங்கினால் வட்டியோடு அடைக்கணும். அவங்க மனுவில் கேட்டிருப்பதும் தானம் இல்லை. தையல் மிஷின் வாங்கி நைட்டி, பாவாடை தைத்து விற்கக் கடன் கேட்கிறாங்க. பணக்கொடை மட்டும் போதும் என்று இருக்கிற பெண் அபராதத்தோடு கூடிய சங்கத்துக்கு மனுப் போட மாட்டாள் என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் எழுந்து சொல்லலாம், அதற்குத்தான் பொதுக்குழு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முதல் வருஷம் பெரிய தொகை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. புதிதாகச் சேர்கிற எந்தக் குழுவுக்கும் நாம் வைக்கிற ஆறு மாதத் தரம் பிரித்தல் இவங்களுக்கும் வேண்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வங்கிக் கடனுக்கு மேலாளர் தயங்குவார், அதற்கு நாம் சேர்ந்து போய்ப் பேச வேண்டி வரும். அந்த அலைச்சலுக்குத் தயாராக இருக்கிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள். பரிதாபப்பட்டுக் கை தூக்கிவிட்டு, பிறகு வங்கிக்கு வர ஆள் இல்லை என்றால் அது அவங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

இரண்டு குழுக்களின் சேமிப்பு நோட்டும், தீர்மானப் புத்தகமும், உள்கடன் பதிவேடும் அந்த மேசை மேல் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் புரட்டிப் பாருங்க. கணக்கில் எங்கே சந்தேகம் இருந்தாலும் பென்சிலால் கோடு போட்டு வைங்க, நேரிலேயே கேட்டுவிடலாம். அவங்க ஊக்குநரும் பிரதிநிதியும் வருகிறார்கள். இன்றைக்கு முகாமில் தணிக்கை நாள், அதை முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்று காலையில் போன் வந்தது. அதனால் ஓட்டெடுப்பை இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குத் தள்ளி வைக்கும்படி தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.